கழுத்தை அடக்கிய கதை

அவனுக்கு அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அவன் திரும்ப மாட்டான், மற்ற எல்லாவற்றுக்கும் திரும்புவான். அதனால் கால்பந்து கிளப்பில் புல் வெட்டுகிறவரிலிருந்து கோல்கீப்பர் வரை எல்லோருக்கும் அவன் ‘கழுத்து’.

இதற்கு முழுப் பொறுப்பும் கோச்தான். தங்கமான மனிதர், கோபம் வராத நேரத்தில். அந்த நேரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவன் ஆடுவது மிட்ஃபீல்டராக. மிட்ஃபீல்டர் என்றால் யார்? நடுவில் மாட்டிக்கொண்டவன். கோலுக்கு முன்னால் நிற்கிற கீப்பருக்காவது முதுகுப் பக்கம் வலை இருக்கிறது. மிட்ஃபீல்டருக்கு எந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. வருகிற பந்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றால், பின்னாலிருந்து எவனாவது வந்து காலடியிலிருந்து லவட்டிக்கொண்டு போய்விடுவான். ஆகவே கோச் ஒரு சட்டம் போட்டார். பந்து வந்து சேருவதற்குள் இந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் தொடலாம்.

சட்டம் போட்டதோடு விட்டாரா? பயிற்சியில் அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு விரல்களைத் தூக்கிக் காட்டுவார். பந்தைத் தொட்ட மறுகணம் “எத்தனை விரல்?” என்று கத்துவார். தவறாகச் சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பாவம், முதல் வருஷம் முழுக்க அவன் ஓடினான். இரண்டாம் வருஷம் சரியாகச் சொன்னான். மூன்றாம் வருஷம், கோச் காட்டிய விரலில் மோதிரம் இல்லை, வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்பது வரைக்கும் சொன்னான். அதற்கும் ஓடவிட்டார்.

பழக்கம் என்பது மைதானத்து கேட்டோடு நின்றுவிடுகிற சாமானா? அவன் கூடவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் முதலில் இடப்பக்கம் பார்ப்பான், அப்புறம் வலப்பக்கம் பார்ப்பான், உடம்பைப் பாதி திருப்பிக்கொண்டு தட்டை வாங்குவான்.

“யாருடா உன் பின்னால நிக்கறா? வீட்ல இருக்கறது நான், நீ, இந்தத் தையல் மெஷின். மெஷின் எழுந்து வந்து உன் தட்டைப் பிடுங்குமா?” என்பாள் அம்மா. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவள் அவள். ஊசியைப் போலவே பேச்சும் சுருக்கென்று இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் தன் கைக்குழந்தையைக் கொஞ்சச் சொல்லி அவனிடம் நீட்டினாள். இரண்டு தோளுக்கு மேலும் பார்த்து வாங்கினான். வாங்கிய வேகத்தில், சும்மா நின்றுகொண்டிருந்த தபால்காரர் கையில் கொடுத்துவிட்டான். குழந்தை சிரித்தது. தபால்காரருக்குத்தான் தலைகால் புரியவில்லை. சலூன்காரரோ அவன் தலையைப் பார்த்தாலே கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு தடவை காது நுனி போயிருக்க வேண்டியது.

இப்படித் திருப்பித் திருப்பிக் கடைசியில் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எக்ஸ்ரே அறையில் இருந்தவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அசையாதீங்க” என்றாள். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு லேசாக முனகியது. திரும்பினான். படம் பாழ். மறுபடி எடுத்தாள். வெளியே யாரோ தும்மினார்கள். அதுவும் பாழ்.

மூன்றாவது தடவை அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முன்னாலேயே வந்து நின்றாள். “இங்க பாருங்க. உங்க பின்னால சுவர். சுவருக்குப் பின்னால ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேங்க். உங்களைப் பிடிச்சுட்டுப் போக ஒருத்தரும் வரல. தயவுசெஞ்சு நேரா பாருங்க.”

“நேரா எதைப் பாக்கறது?”

“என்னைப் பாருங்க!”

பார்த்தான். அந்தப் படம் பளிச்சென்று விழுந்தது. மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கழுத்து வலி பத்தே நாளில் சரியாகிவிட்டது, ஆனாலும் அவன் மாதக்கணக்கில் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான்.

சரி, வீட்டில் சொல்லிவிடலாம் என்று அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துப் போனாள். தாயில்லாப் பெண். அப்பாதான் எல்லாம். அவருக்கும் அவள்தான் எல்லாம். அப்பா, சோப்பு முதல் சூட்கேஸ் வரை விற்கிற நான்கு மாடிக் கடையில் செக்யூரிட்டி ஆபீசர். தெருவிலும் அவருக்கு ‘ஆபீசர்’ என்றே பெயர். கடைக்குள் திருடுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது அவர் வேலை. முப்பது வருஷமாக அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அவர் எப்படிப் பிடிப்பார் என்று கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். “வாங்க வர்றவன் சாமானைப் பாப்பான். சுட வர்றவன் ஆளைப் பாப்பான். சாமானைத் தொடறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை கழுத்து திரும்பும். திரும்புச்சா? அவ்வளவுதான். நான் போய்ப் பக்கத்துல நின்னுடுவேன்.”

அப்பாவின் தொழில் அவளுக்குத் தெரியும். இவன் கழுத்தும் அவளுக்குத் தெரியும், படமே எடுத்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்கத்தான் அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

ஆபீசர் மரியாதையாகவே வரவேற்றார். பிஸ்கட் தட்டை அவன் முன்னால் தள்ளி, “எடுத்துக்கங்க தம்பி” என்றார். கழுத்து இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது. கை சட்டென்று நீண்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது. ஆபீசரின் மீசை ஒரு தடவை துடித்தது. அவர் எழுந்து போய் அவனுக்கு மிகவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன வேலைன்னு சொன்னீங்க?”

“மிட்ஃபீல்டர் சார்.”

“எத்தனை கோல் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் போட்டதில்ல சார். அது வேற ஆளோட வேலை. நான் எதிராளிகிட்ட இருக்கற பந்தை எடுத்து நம்ம ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

“அவன் சும்மா குடுப்பானா?”

“குடுக்க மாட்டான் சார். அவனுக்குத் தெரியாம பின்னாலயே போய் எடுத்துடணும். அதுதான் சார் இதுல திறமையே” என்றான் அவன், உற்சாகம் தாங்காமல்.

“ஓஹோ. மாட்டிக்கிட்டா?”

“முதல் தடவை எச்சரிச்சு விட்டுடுவாங்க சார். ரெண்டாவது தடவைதான் வெளியே அனுப்புவாங்க.”

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, நேர்காணல் அமோகமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பிஸ்கட்டுக்காக இரண்டு பக்கமும் பார்த்தான். ஆபீசர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவன் சட்டைப் பைகள் ஏதாவது உப்பியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார். கதவைச் சாத்தியதும் மகளிடம் சொன்னார்: “வேண்டாம்மா. அவன் திருடன்.”

“அப்பா! அது அவர் ஆட்டத்துப் பழக்கம். கோச் அப்படிப் பழக்கி வெச்சிருக்கார்.”

“பிடிபட்டவன் எல்லாம் ஒரு காரணம் சொல்வான். ஒருத்தன் கோட்டுக்குள்ள அயர்ன் பாக்ஸ் வெச்சுக்கிட்டு, குளிருக்குன்னு சொன்னான். நான் நம்பினேனா?”

மறுநாள் அவள் அதைச் சொன்னபோது அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாழ்க்கையில் ஒரு குண்டூசி திருடாதவன். பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

“அழாத. இன்னொரு தடவை வீட்டுக்கு வர்றே. கழுத்தை மட்டும் அசைக்காம உக்காந்துட்டு வந்துடு. அப்பா மனசு மாறிடுவார்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து கிளப்பில் ஒரு கழுத்து, வீட்டில் ஒரு கழுத்து. மைதானத்தில் கோச்சுக்காகத் திருப்புவான். வீட்டுக்கு வந்ததும், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கெட்டியான கழுத்துப் பட்டையை மாட்டிக்கொள்வான். அம்மா பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டுவாள், “ஐயோ பாம்பு!” என்பாள், “உன் கோச் வந்திருக்கார்டா!” என்பாள். திரும்பினால் கரண்டியால் ஒரு போடு. “மூணு வருஷம் உன் கோச் திருப்ப வெச்சதை மூணே வாரத்துல நான் நேராக்கிக் காட்டறேன்” என்று சபதம் செய்திருந்தாள். செய்தும் காட்டினாள்.

இரண்டாம் தடவை போனபோது ஆபீசர் வேண்டுமென்றே அவன் பின்னால் சாவிக்கொத்தைக் கீழே போட்டார். அவன் அசையவில்லை. கதவைப் படாரென்று அடித்தார். அசையவில்லை. பிஸ்கட்டை அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் எடுத்துத் தின்றான். ஆபீசருக்கே வியப்பு.

“இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கே. ஆனா வீட்ல அடங்கி, வெளியே ஆட்டம் போடறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். உன் மேட்ச் ஒண்ணு பாக்கறேன். அங்கயும் இதே மாதிரி இருந்தியானா மேற்கொண்டு பேசலாம்” என்றார்.

அவன் கையிலெடுத்த அடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டான். ஏனென்றால் அந்த வாரம்தான் முதல் அணியின் மிட்ஃபீல்டருக்கு முழங்கால் போய், சீசனின் கடைசி ஆட்டத்தில் இவன் இறங்குவது என்று முடிவாகியிருந்தது. கோச் அவனைக் கூப்பிட்டு, “உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி. நல்லா ஆடினா ரெண்டு வருஷம் நீட்டறோம். சொதப்பினா மூட்டையைக் கட்டு” என்று சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தால் பெண் போச்சு. பார்க்காவிட்டால் வேலை போச்சு. இப்படி ஒரு இக்கட்டு எந்தப் பிள்ளைக்காவது வருமா?

“பைத்தியக்காரத்தனம் பண்ணாத. ஆட்டத்துல தாராளமா திரும்பு. அப்பாவை நான் பாத்துக்கறேன்” என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினான். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்ததும் கண் கேலரிக்குப் போனது. சின்ன மைதானம். எல்லைக்கோட்டை ஒட்டினாற்போல் இரண்டாவது வரிசையில் அவள், அவன் அம்மா, நடுவில் ஆபீசர். கடையில் மேல் மாடியிலிருந்து நோட்டம் விடுகிற பைனாகுலரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அது நேராக அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். கழுத்து மரமாகிவிட்டது.

முதல் பந்து வந்தது. திரும்பாமல் வாங்கினான். பின்னாலிருந்து எதிரணியின் பதினான்காம் நம்பர், எலும்பும் தோலுமான ஒரு பயல், பூப் பறிக்கிற மாதிரி அதைப் பறித்துக்கொண்டு போனான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அந்தப் பதினான்கு பறித்து, இரண்டு பேரைத் தாண்டி, கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டான். கேலரி முழுக்க ஒரே கூச்சல்.

“அந்த நடுவுல நிக்கற தூணை யாருய்யா நட்டது? பேரு மட்டும் கழுத்து!” என்று யாரோ கத்தினார்கள்.

கோச் கோட்டோரத்தில் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரல்களையும் காட்டிக் குதித்தார். அவன் அதையும் பார்க்கவில்லை.

இடைவேளையில் கோச் அவனைத் திட்டிய திட்டைத் தாளில் அச்சடிக்க முடியாது. கடைசியில், “பத்து நிமிஷம் தர்றேன். அதுக்குள்ள உன் கழுத்து திரும்பல, உன்னைத் திரும்பவே முடியாத இடத்துக்கு அனுப்பிடுவேன்” என்றார். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா எத்தனை சீருடைக்குப் பொத்தான் தைத்து அவனுக்குப் பூட்ஸ் வாங்கித் தந்தாள் என்று நினைத்துப் பார்த்தான். எக்ஸ்ரே அறையில் “என்னைப் பாருங்க” என்றவளையும் நினைத்தான். எதை விடுவது? எதையும் விட முடியாதவனாக எழுந்து போனான்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பந்து அவனை நோக்கி உருண்டு வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். அப்போது கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், நான்கு மாடிக்கும் கேட்டுப் பழகிய குரல், வெடித்தது.

“டேய்! திருடன் வர்றான்டா! பின்னால பாரு, பின்னால பாரு!”

ஆபீசர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. விரல் அந்தப் பதினான்கைக் காட்டியது. அவருக்குக் கால்பந்தில் அரிச்சுவடி தெரியாது. ஆனால் பந்தைத் தொடுவதற்கு முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, பூனை நடை நடந்து, அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் வருகிறவனை அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக அவர் பார்க்காத நடையா?

“யார் சாமானை யார்டா சுடறது? திரும்புடா தம்பி!”

கழுத்து திரும்பியது. வெடுக்கென்று, இடமும் வலமும். பதினான்கு காலை நீட்டிய இடத்தில் பந்து இல்லை. அவன் அதைப் பாதி உடம்பைத் திருப்பி வாங்கி, ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த விங்கரிடம் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஆள் இல்லை. வாங்கினான், பார்த்தான், கொடுத்தான். கேலரியில் ஆபீசரும் விடவில்லை. “இடது பக்கம் ஒருத்தன்! சிவப்பு ஷூ, அவன் மூஞ்சியே சரியில்ல!” என்று ஆட்டம் முழுக்க அறிவித்துக்கொண்டே இருந்தார். ரெஃப்ரி இரண்டு தடவை வந்து அவரை உட்காரச் சொன்னார். “உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பாக்கறேன்” என்றார் அவர். கடைசியில் இவன் கொடுத்த பந்தை விங்கர் கோலாக்கினான். ஆட்டம் சமனில் முடிந்தது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, ஈரச் சாக்ஸ் நாற்றம் அடிக்கிற நடையில், கோச் அவனை நிறுத்தினார். “ரெண்டாம் பாதி பிரமாதம். முதல் பாதியை நினைச்சா எனக்கு ரத்தம் கொதிக்குது. பாதி ஆட்டம் ஆடினே, பாதி ஒப்பந்தம். ரெண்டு வருஷம் இல்ல, ஒரு வருஷம்தான். போ.”

அவன் சரி என்று தலை குனிந்தான். அதற்குள் நடையின் மறுமுனையில் ஏதோ தள்ளுமுள்ளு. வாசல் காவல்காரர், “சார், குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் உள்ளே வரலாம்” என்று சொல்லிக்கொண்டிருக்க, அவரை ஒரு தோளால் ஒதுக்கிவிட்டு ஆபீசர் விறுவிறுவென்று வந்தார். பின்னாலேயே அவளும் அம்மாவும்.

“சார், முதல் பாதி இவன் தப்பில்ல” என்றார் ஆபீசர் கோச்சிடம், மூச்சு வாங்க. “இவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான். திரும்பிப் பாக்கறவன் எல்லாம் திருடன்னு நெனச்சுட்டேன். திருட்டுக் குடுக்கப் போறவனும் திரும்பிப் பாப்பான்னு எனக்குத் தோணவே இல்ல சார்.”

கோச்சின் கண்கள் பிதுங்கின. மூன்று வருஷ உழைப்பு! “அதைச் சொல்ல நீங்க யாருய்யா?”

ஆபீசர் திரும்பினார். மகளைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். சேறு அப்பிய முழங்காலோடு இவன் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

“நான் இவனோட மாமனார்” என்றார்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அம்மாதான் முதலில் சுதாரித்தாள். “இது எப்பலருந்து சம்பந்தி? எனக்கு யாரும் சொல்லலியே?”

“இப்பத்தாம்மா, இந்த நிமிஷத்துலருந்து.” ஆபீசரின் குரல் கொஞ்சம் தடுமாறியது. “என் வீட்ல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானோன்னு இத்தனை வருஷமா நானும் திரும்பித் திரும்பித்தான் பாத்துட்டு இருந்தேன். இதோ, இன்னிக்கு நானே எடுத்துக் குடுக்கறேன்.”

அவள் அழுதுகொண்டே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், “மாமா” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்கே அவர் மூக்கை உறிஞ்சினார்.

கோச் மட்டும் அசையவில்லை. “அதெல்லாம் சந்தோஷம். ஆனா மாமனார் வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, ஒரு வருஷம்தான்.”

“ஒரு வருஷம் தாராளமா போதும் சார். அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுடலாம்” என்றார் ஆபீசர்.